கீழாநெல்லி: ஒரு பெயரும் அதன் ஆய்வு வரலாறும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கல், பாறசாலை ஆகிய ஊர்கள் கேரளத்தில் நின்றன. அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிலம் பிரிந்ததுபோல் மொழிகள் பிரிந்துவிடவில்லை. 'செங்கல்' என்னும் சொல்லையே நோக்கலாம். தமிழில் அது சூளையில் சுட்ட கல். மலையாளத்தில் 'செங்கல்லு' என்பது பெரும்பாலும் நிலத்திலிருந்து அறுத்தெடுக்கும் வெட்டுகல்லைக் குறிக்கும். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. வீடு கட்டுவோர்க்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. மருந்துச்செடியின் பெயர் இவ்வாறு வழுவும்போதுதான் இடர் தோன்றுகிறது.

எல்லையின் இருபுறத்தும் மஞ்சட்காமாலைக்கு மருந்தாக அறியப்பட்ட செடி ஒன்று உண்டு. தமிழில் கீழாநெல்லி, கீழ்க்காய்நெல்லி; மலையாளத்தில் கீழார்நெல்லி. இலைக்காம்பின் கீழ்ப்புறத்தே நெல்லிக்காய் போன்ற சிறுகாய்கள் வரிசையாகத் தொங்குவதே பெயர்க்காரணம். இப்பெயர் அச்சேறிய வரலாறு மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதி மருத்துவரான இட்டி அச்சுதன் 1675இல் அளித்த கோலெழுத்துச் சான்று இதற்கு ஓர் அடிப்படை. அவர் மலையாளத்தில் கூறியது போர்த்துகீசியத்திற்கும், அதிலிருந்து இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டது. 1690இல் வெளிவந்த பத்தாம் தொகுதியில் இச்செடி 'கிர்கநெலி' என்று காணப்படுகிறது. ழகரம் ஐரோப்பியச் செவியில் ரகரமாயிற்று. எனினும் இடையிலுள்ள ககரம், 'கீழ்க்காநெல்லி' போன்றதொரு வடிவம் அன்று வழங்கியது என்பதைக் காட்டுகிறது எனலாம். சிதைந்த எழுத்துப்பெயர்ப்பும் சில வேளைகளில் நல்ல சான்றாகிறது.

பெயர்க்குழப்பம் தோன்றியது பின்னர்தான். லின்னேயசு 1753இல் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்னும் பெயரை வழங்கினார். 'நிரூரி' மலையாளச் சொல்லே. ஆயின் மலையாளத்தில் நீரூரி என்பது இதே பேரினத்தைச் சார்ந்த வேறொரு புதர்ச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஹூக்கரின் இந்தியத் தாவரநூல் முதலியன இந்நாட்டுக் கீழாநெல்லியை நிரூரி என்றே குறித்தன; அகராதிகள் பலவும் அதனைப் பின்பற்றின. 1950களில் அமெரிக்கத் தாவரவியலார் கிரேடி வெப்சுடர், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது என நிறுவினார். இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை அமாரஸ், ஃபிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்கள் என்பதை மித்ரா, ஜெயின் ஆகியோர் 1985இல் தெளிவுபடுத்தினர். ஆக, மலபார்ச் சொல் அமெரிக்கச் செடியைச் சென்றடைந்தது. மலபாரில் வளரும் செடிக்கு வாய்த்ததோ, ஆப்பிரிக்கக் கினிக் கரையிலிருந்து 1827இல் விவரிக்கப்பட்ட 'அமாரஸ்', அதாவது கசப்பானது என்னும் இலத்தீன் பெயர்.

சாற்றை ஆராய்ந்தோர் இவ்வழுவைத் தம்மோடு சுமந்து சென்றனர். கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்திரியும் 1946இல் கசப்புப் பொருளான ஃபில்லாந்தினைப் பிரித்தெடுத்து வெளியிட்ட கட்டுரை நிரூரி என்ற பெயரையே தாங்கியது. 1987இல் வெங்கடேசுவரன், மில்மன், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் ஆகியோர், இச்செடிச்சாறு கல்லீரல் அழற்சி பி வைரசின் நொதியைத் தடுப்பதாகவும், அண்மையில் தொற்றேற்ற வுட்சக் என்னும் கொறிவிலங்குகள் நான்கில் மூன்றிடத்து வைரசுக் குறிகள் மறைந்ததாகவும் அறிவித்தனர். தலைப்பில் அப்போதும் நிரூரியே. மறு ஆண்டு சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட மருத்துவச் சோதனையில்தான் அமாரஸ் என்ற பெயர் இடம்பெற்றது. முப்பது நாள் செடித்தூள் உண்ட 37 பேரில் 22 பேரிடம் (59 விழுக்காடு) வைரசின் மேற்புற எதிரியாக்கி மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. சோதனையில் சேர்ந்தோர் 78 பேர் என்பதும், 60 பேரின் முடிவே கணக்கில் வந்தது என்பதும் மறக்கத்தக்கன அல்ல. 1990இல் தாய்லாந்தில் நிகழ்ந்த சோதனை இப்பயனை உறுதிசெய்யவில்லை. 1995இல் சீன ஆய்வாளர் தென்னிந்திய அமாரஸ், ஹைனான் தீவின் நிரூரி, ஹெனான் மாநிலத்தின் யூரினேரியா ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். யூரினேரியா மற்றொரு வைரசுக் குறியில் ஓரளவு மாற்றம் தந்தது. மேற்புற எதிரியாக்கியோ எவரிடத்தும் மறையவில்லை. 2011இல் காக்ரேன் மதிப்பாய்வும், போலிமருந்தைக்காட்டிலும் மேம்பட்ட பயன் உண்டெனக் கொள்ளப் போதிய சான்றில்லை என்றே முடிந்தது.

செடியின் பெயர் மட்டுமன்றி நோயின் பெயரும் இங்கு வழுவியுள்ளது. காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளிக்கும் நிலை. அதற்குக் காரணங்கள் பல. சென்னைச் சோதனைக்கு உட்பட்டோர் வைரசைத் தாங்கியிருந்தவர்கள். இத்தகையோருட் பெரும்பாலோர்க்கு மஞ்சள் தோன்றுவதே இல்லை. மாறாக, ஏ வகை வைரசால் வரும் காமாலை பெரும்பாலும் தானே நீங்கும். அப்போது உண்ட மருந்துக்குப் பெருமை சேர்வது இயல்பு. ஆங்கில ஆய்வுச் செய்தியைத் தமிழாக்குவோர் 'கல்லீரல் அழற்சி பி' என்பதனை 'மஞ்சட்காமாலை' என்று பெயர்க்கும்போது, அந்த ஆய்வில் சோதிக்கப்படாத ஒரு கூற்று உருவாகிவிடுகிறது. அதை நம்பி வைரசுத் தொற்றுடையார் மருத்துவரிடம் செல்லாது கீழாநெல்லியோடு அமைவராயின், ஈரல் இறுகும்வரை நோய் வெளிப்படாதிருத்தலும் கூடும்.

கடைச்சரக்கின் நிலையும் கருதத்தக்கது. தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என வாங்கிய 25 மாதிரிகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த கட்டுரை, 76 விழுக்காட்டில் அமாரஸே மிகுந்திருந்தது என்றும், எஞ்சியவற்றில் வேறு ஐந்து இனங்கள் காணப்பட்டன என்றும் கூறுகிறது. கசப்புப் பொருளான ஃபில்லாந்தின் அமாரசில் மிகுதி; பிறவற்றில் அரிது. உலர்ந்து பொடிந்த சரக்கைக் கண்ணால் பிரித்தறிதல் எளிதன்று. செடி பசுமையாக இருக்கும்போது பூவைப் பிரித்தால் அமாரசில் இதழ்கள் ஐந்து, ஃபிராட்டெர்னசில் ஆறு. இந்திய ஆயுர்வேத மருந்துநூலின் முதல் தொகுதி 'தாமலகி' என்னும் சரக்கிற்கு ஃபிராட்டெர்னசையே குறித்திருக்க, சென்னைச் சோதனை அமாரசைக் கொண்டு நிகழ்ந்தது. வடமொழிப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒரே பதிவில் இணைக்கும் இருமொழி அகராதியில் இவ்விரு இனங்களும் இன்று ஒரே செடியாகவே நிற்கும்.