கல்வெட்டும் குரோமோசோமும்

பனமலையில் தாளகிரீசுவரர் கோயில் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மன், 8ஆம் நூற்றாண்டில், காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் தன் தந்தை வழியைப் பிரம்மாவில் தொடங்கி துரோணர், அசுவத்தாமன் வழியாகச் சொல்லிக் கொண்டான்.

சாமானியர்களின் தந்தை வழி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஒய் குரோமோசோமில்! அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். எப்போதாவது அதில் ஏற்படும் சிறு மாற்றங்கள்தான் பரம்பரை அடையாளங்கள்.

உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில் எம்130 என்ற பழமையான அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் கண்டறிந்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது உண்டு. இரு கிளைகளும் பிரிந்து சுமார் 50,000 ஆண்டுகள் ஆகின்றன.

இதை வைத்துச் சாதிப் பெருமை பேசலாமா? கூடாது. 10 தலைமுறைக்கு முன்பு ஒருவருக்கு 1024 மூதாதையர் வரை இருப்பர். அதில் பாதி பெண்கள். ஒய் காட்டுவது ஒரே ஒருவரை. மீதி 1023 பேரும் நம்மவர்கள்தானே?