ஊரின் பெயரும் உழைத்தவர் பெயரும்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களுள் ஆடையைப் போல் அவனோடு நெருங்கி வாழ்வது பிறிதொன்றில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் ஏந்துகிறோம். இறந்தவரைக் கபன் துணியில் பொதிந்து மண்ணுக்கு அளிக்கிறோம். திருமறையின் ஏழாம் அத்தியாயமாகிய அல்அஃராஃப், ஆடை உடலை மறைப்பதற்கும் அழகு செய்வதற்கும் அருளப்பட்டது என்று உணர்த்தி, இறையச்சம் என்னும் ஆடையே அனைத்தினும் மேலானது என்றும் நினைவூட்டுகிறது. மறைத்தல் தேவை, அழகு செய்தல் கலை. இவ்விரண்டும் ஒரே பொருளில் கூடி நிற்கும் இடமே கைத்தொழில். அத்தகைய தொழில் ஒன்றன் வரலாற்றை, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வானம் பார்த்த சீமையை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை ஏற்பட்டிருக்கிறது. நம் காலத்துக் கலையுலகம் அன்றாடப் பொருள்களின் பக்கமும் நகரங்களின் பக்கமும் திரும்பியுள்ளது. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 1967-ஆம் ஆண்டு எடுத்த குறும்படத்தில் குடையும் செருப்பும் அரிக்கேன் விளக்குமே மீண்டும் மீண்டும் தோன்றின. அப்படம் பெர்லின் விழாவில் பரிசு பெற்றது. பீகாரில் பிறந்த சுபோத் குப்தா, நம் வீட்டு அடுக்களையில் உள்ள எவர்சில்வர் பாத்திரங்களையே அடுக்கிப் பேருருவான மண்டையோடு ஒன்றை 2006-இல் சமைத்தார். அலிகாரில் 1937-இல் பிறந்து, கணிதம் பயின்று, 2020-இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மி அம்மையார், தாம் வாழ்ந்த வீடுகளின் தரைப்படங்களையும் உர்தூச் சொற்களையும் மரத்தில் செதுக்கி அச்சிட்டார். போராலும் கலவரத்தாலும் சிதைந்த நகரங்களை அவர் 2003-இல் ஒன்பது அச்சுகளாக வெளியிட்டார். பாக்தாதும் காபூலும் சராஜெவோவும் அகமதாபாதும் அவற்றுள் அடங்கும்.

இப்படைப்புகளைப் பழிப்பது நம் கருத்தன்று. ஸரீனா அம்மையாரின் கோடுகளும் எழுத்துகளும் நம் மரபுக்கு மிக அண்மையில் நிற்பவை என்பதையும் ஒப்புகிறோம். ஆனால் கலைக்கூடத்தில் ஒவ்வொரு படைப்பின் அருகிலும் ஒரு சிறு அட்டை இருக்கும். அதில் முதலில் இருப்பது ஆக்கியவர் பெயர். பாயையும் ஊசியையும் மொக்கையும் கோபுரத்தையும் பார்த்து, அவற்றைக் கலையுருவாக மாற்றிய நம் நெசவாளரின் பெயர் எந்த அட்டையில் உள்ளது? இதுவே நம் வினா.

வறண்ட நிலமும் வளர்ந்த தொழிலும்

தொழில்களின் வரலாற்றை முறையாக ஆராய்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406). அவர் 1377-இல் எழுதிய முகத்திமா என்னும் நூலில் தொழில்களுக்கெனவே ஒரு பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளார். நகர வாழ்வு செழித்து நிலைபெற்ற இடத்தில்தான் தொழில் நயம் பெறும் என்பதும், ஒரு தொழிலை வேண்டி வாங்குவோர் மிகுந்தால் அத்தொழில் வளரும், வாங்குவோர் அற்றால் அது தேயும் என்பதும் அவர் கண்ட முடிபுகள். நெசவு மிகத் தொன்மையானது ஆதலின் மக்கள் அதனை இத்ரீஸ் நபி (அலை) அவர்களோடு சார்த்திக் கூறுவர் என்றும் அவர் குறித்துள்ளார்.

இம்முடிபை அருப்புக்கோட்டையில் வைத்துப் பார்த்தால் முதலில் ஒரு தடை எழும். இது கங்கைக் கரையோ காவிரிக் கழனியோ அன்று. கரிசலும் செம்மண்ணும் விரவிய பூமி. ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போவது. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றில் தண்ணீரைவிட மணலையே மிகுதியாகக் காணலாம். கண்மாயையும் ஊருணியையும் நம்பிய ஊர்கள் இவை. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை இத்தகைய சீமைகளின் முதியோர் வழிவழியாக நினைவில் வைத்திருந்தனர். இங்கே தொழில் எவ்வாறு நயம் பெற்றது?

விடை தறியின் இயல்பிலேயே இருக்கிறது. கரிசல் மண் நெல்லுக்கு இசையாவிடினும் பருத்திக்கு இசைந்தது. நூலைப் பாவாக்கித் தெருவில் நீள விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வேலைக்கு வேண்டியது வெயில்; அன்று மழை பெய்தால் உழவர் மகிழ்வார், நெசவாளர் பாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார். வறண்ட காற்றில் இழை அறுமே எனின், அதற்கும் நம் முன்னோர் வழி கண்டனர். குழித்தறியில் நெசவாளர் தரையளவில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிபலகையை மிதிப்பார். பாவு தரையை ஒட்டி ஓடும். மண்ணின் ஈரம் இழையைக் காக்கும். வானம் கொடுக்காத ஈரத்தை மண்ணைத் தோண்டிப் பெற்ற கூர்மை இது.

தேவாங்கரும் சாலியரும் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்த ஊர் அருப்புக்கோட்டை. இவ்வூரின் பெயரை மல்லிகை அரும்போடு சேர்த்து அரும்புக்கோட்டை என விரித்துரைப்போரும் உளர். நிலம் கைவிட்ட இடத்தில் கை நிலத்தைக் காத்தது. ஆயினும் இப்னு கல்தூனின் கூற்று பொய்யாகிவிடவில்லை. இங்கு நெய்த துணியை வாங்கியவர் வேற்றூர்க் கடைவீதிகளில் இருந்தனர். பஞ்சம் வந்தபோது பயிரோடு தறியும் நின்றது. பசித்தவர் துணி வாங்கார் அல்லவா? தொழிலை நிலத்தின் வளம் பிறப்பிப்பதில்லை, வாங்குவோரின் வளம் நிலைநிறுத்துகிறது என்று அவர் கூற்றை நாம் இங்கே விரித்துக் கொள்ளலாம்.

தறி கண்ட உருவங்கள்

தமிழ்நாட்டுச் சேலைகளின் கரைகளுக்கும் கட்டங்களுக்கும் வழங்கும் பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பாய்மடி, மல்லிகை மொக்கு, தாழம்பூ ரேக்கு, மயில்கண், குயில்கண், வைர ஊசி, ருத்திராட்சம், கோபுரம், கொட்டடி, மாங்காய். இவற்றுள் பெரும்பாலானவை கண்முன் கிடந்த பொருள்களே. உறங்கி எழுந்து மடித்த பாய், கூடையில் வந்த மொக்கு, மரத்தில் தொங்கிய மாங்காய், தெருக்கோடியில் தெரிந்த கோபுரம் என அன்றாடம் பார்த்த யாவும் கரையாகவும் கட்டமாகவும் துணியில் ஏறின.

இவற்றைத் துணியில் ஏற்றுவது வெறும் பார்த்தெழுதுதல் அன்று. பாவும் ஊடையும் ஒன்றையொன்று நேர்க்குறுக்காக வெட்டுவன. ஆகவே வளைந்த கோடு தறியில் வளைந்தபடி பிறவாது. சிறு சிறு படிகளாகவே பிறக்கும். ஒரு மொக்கை நெய்ய விரும்புபவர், எந்த ஊடையில் எத்தனை பாவிழை எழவேண்டும் எத்தனை தாழவேண்டும் என எண்ணால் அதனைச் சிந்திக்க வேண்டும். பொருளில் இன்றியமையாத கோடு எது, விடத்தக்கது எது என்று தேர்ந்த பின்னரே மொக்கு மொக்காக நிற்கும். இக்கால ஓவியர் பலர் பெருமையோடு பேசும் சுருக்கமும் வடிவமைப்பும் இதுவன்றி வேறென்ன?

இதே கட்டுப்பாட்டைச் செங்கல்லிலும் காண்கிறோம். ஈரான், நடு ஆசியப் பள்ளிவாசல்களின் சுவர்களில் அல்லாஹ்வின் திருப்பெயரையும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெயரையும் சதுரக் கூஃபி எழுத்தில் அமைத்த கொத்தர்கள், செங்கல்லின் நேர்கோட்டுக்குள் எழுத்தின் வளைவை அடக்கினர். கொத்தர் கல்லால் செய்ததை நெசவாளர் இழையால் செய்தார். இருவரும் ஒரே கணக்கின் மாணவர்.

துணியில் நின்ற பெயர்கள்

இனிப் பெயருக்கு வருவோம். துணிக்கு நகரத்தின் பெயர் அமைவது உலக வழக்கு. பாக்தாதில் அத்தாபிய்யா என்னும் பகுதியில் நெய்த வரித்துணி அத்தாபி எனப்பட்டது. ஐரோப்பியர் நாவில் அது டாபி ஆயிற்று. மஸ்லின் மவ்ஸில் நகரையும், டமாஸ்க் திமிஷ்க் நகரையும், காலிகோ கோழிக்கோட்டையும் நினைவூட்டுவன. மலாய் மக்கள் தம் கட்டமிட்ட கைலியை இன்றும் காயின் பெலிக்காட் என்பர். நம் பழவேற்காட்டின் பெயரே அங்ஙனம் கடல் கடந்து வாழ்கிறது. சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள் கப்பலேற்றிச் சென்ற சரக்குகளுள் துணி தலையாயது என்பது வரலாறு. ஊர் மறைந்தாலும், துறைமுகம் தூர்ந்தாலும், துணியில் ஊர்ப்பெயர் நிற்கும்.

மன்னர் பெயரும் நின்றது. அரசர் தம் பெயரையோ தமக்குரிய அடையாளத்தையோ பட்டாடையின் ஓரத்தில் பொன்னிழையாலும் வண்ண இழையாலும் நெய்விக்கும் திராஸ் என்னும் வழக்கத்தை இப்னு கல்தூன் ஆட்சியின் சின்னங்களுள் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். உடுத்துவோர் பெயரும் உண்டு. நெல்லைச் சீமைப் பத்தமடையில் நம் லெப்பைமார் கோரையை நூலென நுணுக்கி நெய்யும் கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. ஊர் நின்றது, அரசர் நின்றார், மணமக்கள் நின்றனர், நெய்தவர் மட்டும் நிற்கவில்லை.

நெசவாளருள் பெயர் பெற்றோரே இல்லையா? உண்டு. காசி நகரத்துக் கபீர் தறியில் அமர்ந்தவர். நம் வள்ளுவப் பெருந்தகையும் நெய்து வாழ்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. ஆனால் அவர்கள் பெயர் பாட்டால் நின்றது. அவர்கள் நெய்த துணியில் ஒரு முழம்கூட அவர்கள் பெயரைத் தாங்கி நம்மை வந்தடையவில்லை.

பெயரின்மையே இத்தகைய பொருள்களின் பெருமை என வாதிடுவோரும் இருக்கின்றனர். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், தாம் இந்நாட்டில் கண்ட பொருள்களுள் மிக அழகியது செம்பு என்றனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எவ்வாறு பொருந்த வேண்டும், ஊற்றும்போது எவ்வாறு சாய வேண்டும் என்பன போன்ற பல வினாக்களுக்கு அது விடையாக நிற்கிறது என்றும், அதனை ஒருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறையினர் வடிவமைத்தனர் என்றும் விளக்கினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

பல தலைமுறையினரின் ஆக்கம் என்பது உண்மையே. ஆயினும் அவ்வுண்மை இன்று தறியில் இருப்பவரின் பெயரை மறைக்கும் திரையாகிவிடலாகாது. இதற்கு நம் மரபிலேயே நல்ல சான்று உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெள்ளி இழைத்த பித்தளைக் கெண்டி ஒன்று இருக்கிறது. வேட்டை, இசை, ஒட்டகப் பயணம், கண்ணாடி பார்க்கும் மங்கை என வாழ்க்கைக் காட்சிகள் அதன்மேல் சூழ்ந்துள்ளன. அதன் கழுத்தில், மவ்ஸில் நகரத்து ஷுஜா இப்னு மன்ஆ என்பவர் ஹிஜ்ரி 629 ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1232-இல், மவ்ஸிலில் இதனைச் செய்தார் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. நீர் வார்க்கும் கெண்டிதான். ஆயினும் ஊரின் பெயரோடு ஆக்கியவர் பெயரும் காலமும் சேர்ந்தே நிற்கின்றன. எழுத்துக்கலை வல்லாரும் ஆசிரியரிடம் இஜாஸா பெற்றபின் தம் எழுத்தின் கீழே தம் பெயரை இட்டனர். ஒன்றைச் செய்தவர் அதற்குப் பொறுப்பேற்கும் நாணயம் அது.

தொழிற்பெயரைத் தாங்க நம் முன்னோர் நாணியதுமில்லை. பஞ்சு கொட்டுபவர் ஹல்லாஜ், நெய்பவர் நஸ்ஸாஜ், துணி விற்பவர் பஸ்ஸாஸ், தைப்பவர் கய்யாத் எனப் பல பெரியோர் தம் தொழிலையே பெயரின் பகுதியாக்கி வாழ்ந்தனர். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர். தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையால் இரும்புக் கவசம் செய்தார்கள் என்பதைத் திருமறை அவர்கள் பெயரோடு சேர்த்தே கூறுகிறது.

இன்று செய்ய வேண்டுவது

இன்றைய நிலை என்ன? விசைத்தறியின் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985-இல் மத்திய அரசு ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன; பின்னர் அவை 11 ஆயின. கைத்தறியில் பல நாள் எண்ணி எண்ணிக் கண்ட கரையை விசைத்தறி ஒரே நாளில் படியெடுத்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்க வந்தது. மதுரைச் சுங்குடிக்கு அக்காப்பு கிடைத்துள்ளது. இஃது பெரும்பேறு. எனினும் இங்கும் வெளியில் விளங்குவது ஊர்ப்பெயரே.

தறியை விட்டு இளைஞர் போகின்றனர் என்று வருந்துவதால் மட்டும் பயனில்லை. கூலி குறைந்த இடத்தில் பிள்ளைகளை அமர்த்த எந்தத் தந்தை விரும்புவார்? கூலி உயர வேண்டும் என்பது முதற்கடமை. அதனோடு, செலவு மிகாத இரண்டு செயல்களை நாம் வேண்டுகிறோம். ஒன்று, கூட்டுறவுச் சங்கங்கள் தாம் விற்கும் ஒவ்வொரு சேலையிலும் ஊரின் பெயரோடு நெய்தவர் பெயரையும் ஆண்டையும் ஒரு சிறு துணியில் தைத்துத் தருதல். மற்றொன்று, முதிய நெசவாளரிடம் எஞ்சியுள்ள கரைகளின் பெயர்களையும் அவற்றின் இழைக்கணக்கையும் கல்லூரி மாணவர்கள் எழுதி வைத்தல். பெயர் மறைந்தால் உருவும் மறையும். பாய்மடி என்னும் சொல்லை அறியாதவர் கண்ணுக்கு அது வெறும் கட்டமே.

கலைக்கூடத்தின் அட்டையில் ஆக்கியவர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்ட உலகம், முந்தானையிலும் அதனைப் படிக்கக் கற்றுக்கொள்ளல் அரிதன்று. வாங்குவோரின் விருப்பமே தொழிலை வாழ்விப்பது என்று இப்னு கல்தூன் கூறிச் சென்றார். அவ்வாறாயின், யார் நெய்தது என்று கடையில் நாம் கேட்கும் ஒரு வினாவும் தறிக்கு இடும் ஊடையே ஆகும்.