கரியால் ஓடிய பஸ்

மோட்டார் யந்திரத்திற்கு எண்ணெய் மட்டும் உணவன்று, காற்றும் உணவேயாம். உள்ளே செல்லும் காற்றின் அளவுக்கே எண்ணெய் எரியும். அதற்கேற்பவே ஆற்றலும் பிறக்கும். ஆதலின், யந்திரத்தின் மூச்சைச் சீர்திருத்தினால் ஆற்றல் பெருகுமா என்பது பொருளுள்ள கேள்வியே. மதுரையின் வரலாறு இதற்கு ஒரு விடை கூறுகிறது.

டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ஆம் ஆண்டில் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் போக்குவரத்தை வளர்த்தது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அந்நாட்டு எண்ணெய் நமக்கு வாராது போயிற்று. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. பஸ் நின்றால் சந்தையும் பள்ளியும் மருத்துவமும் சிற்றூர் மக்களுக்கு எட்டாதன ஆகிவிடும். அந்நிலையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலத்தைத் தாமே அமைத்து வண்டிகளில் பொருத்தினர்.

அதன் செயல்முறை எளியது. இரும்புக் கலத்தில் அடுப்புக்கரியை இட்டு, குறைந்த அளவு காற்றைச் செலுத்தி எரிப்பர். முதலில் தோன்றும் கரியமில வாயு, கனலும் கரியின் ஊடே செல்லும்போது எரியத்தக்க கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதனைக் குளிரச் செய்து, தூசு நீக்கி, காற்றோடு கலந்து யந்திரத்திற்கு அனுப்புவர்.

ஆயினும், அவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜனே. அது உருளைகளில் இடத்தை அடைத்துக்கொள்வதால், பெட்ரோலில் ஓடிய யந்திரத்தின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. சமவெளிச் சாலையில் அக்குறை பொறுக்கத்தக்கது. மலைப்பாதை ஏற்றத்திலோ அது பெருங்குறை.

பந்தய வண்டிகளில் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் காற்றுவாயில் அமைப்பதுண்டு. தடையின்றிக் காற்று புகுவதால், யந்திரம் மிக விரைந்து சுழலும்போது ஆற்றல் கூடும். வாயிலைத் திறந்தவுடன் வண்டி உடனே விசை கொள்ளும். ஆனால் மெதுவான சுழற்சியில் யந்திரத்திற்கு வேண்டிய காற்று சிறிதே. பொதுவாயிலே அதற்குப் போதும். தனிவாயில்களால் அங்கு விளையும் ஆதாயம் அற்பம். அவற்றை ஒருசீராக இணக்கி வைக்கும் உழைப்போ மிகுதி.

ஆகவே மாணவர்களே, தனிவாயில் நன்றா என்று வினவுமுன், வண்டி எதற்கு என்று வினவுதல் வேண்டும். பந்தயக்காரனுக்கு நொடியில் ஒரு பங்கும் பொருட்டு. போர்க்கால மதுரைக்கோ, ஆற்றல் பாதியாயினும் பஸ் ஊர் போய்ச் சேர்வதே பொருட்டாயிற்று.