குறட்டையின் நடுவே நிற்கும் மூச்சு

குறட்டைச் சத்தம் கேட்காத வீடு உண்டா? 'ரயில் ஓடுகிறது' என்று கேலி செய்வோம். புரண்டு படுக்கச் சொல்வோம். ஆழ்ந்து தூங்குவதன் அடையாளம் அது என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் சிலருடைய குறட்டையைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று புலப்படும். உரத்த குறட்டை திடீரென்று நின்றுவிடும். பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கு மேலும் நிசப்தம். மார்பும் வயிறும் மட்டும் போராடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு பெரும் திணறலோடு மூச்சு மீளும்; குறட்டை தொடரும்.

'அப்பாடா, ஓய்ந்தது' என்று நமக்கு நிம்மதி தரும் அந்த நிசப்தத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ள 1965ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஏன் இத்தனை தாமதம்?

கதையில் வந்த சிறுவன்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பருத்த சிறுவன் வருகிறான். வேலைக்காரனான அவன் எந்நேரமும் தூங்கி வழிவான். வேலைக்கு நடுவிலேயே குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

1956இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரைச் சேர்ந்த சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர் உடல் பருத்த வணிகப் பிரமுகர். சீட்டாட்டத்தில் ஜெயிக்கக்கூடிய சீட்டுகள் கைக்கு வந்திருந்தும், அவற்றை வைத்துக்கொண்டே உறங்கிப் போனவர்! டிக்கன்ஸின் சிறுவனை நினைவில் கொண்டு இந்நோய்க்குப் 'பிக்விக் நோய்' என்று பெயரிட்டார்கள். பருமனால் மூச்சு போதிய அளவு நடப்பதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது. அதுவே பகலில் மயக்கத் தூக்கம் தருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விளக்கம் பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் பகல் தூக்கத்துக்கு முக்கியக் காரணம் இரவில் இருந்தது.

இரவு முழுவதும் விழித்தவர்கள்

1965இல் பிரான்சின் மார்சேய் நகரில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே ஒரே வேலையைச் செய்தார்கள். தூங்கும் நோயாளியின் மூளை மின்னலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். உண்மை வெளிப்பட்டது. தூங்கியதும் மூச்சு நின்றது, மூளை சற்றே விழித்தது, மூச்சு வந்தது, மீண்டும் தூக்கம், மீண்டும் தடை. கடுமையான நோயாளிக்கு ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உண்மையில் தூங்காதவர் அவர்!

1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கில்லெமினோ குழுவினர் இந்நோயை விரிவாக விவரித்தனர். பருமன் இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பதும் தெளிவாயிற்று.

தொண்டையும் ஒரு குழாய்தான்

மூச்சு ஏன் அடைபடுகிறது? இளநீர்க் கடையில் நனைந்துபோன காகிதக் குழலைப் பலமாக உறிஞ்சிப் பாருங்கள். குழல் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று குழலை நசுக்குகிறது. எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும்.

மூச்சுக் குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் விறைப்பாக வைத்திருக்கின்றன. அதற்கு மேலே, நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய வளையங்கள் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைக்கின்றன. தூங்கும்போது தசைகள் தளரும், வழி குறுகும். குறுகிய வழியில் வேகமாகச் செல்லும் காற்று, காற்றில் படபடக்கும் கொடியைப் போல மெல்லிய சதைகளை அதிரச் செய்கிறது. அதுவே குறட்டை. வழி முற்றும் ஒட்டிக்கொண்டால் அது தூக்க மூச்சுத் தடை.

தொடக்கத்தில் இதற்கு வைத்தியம் கொடுமையானது. அடைபடும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளையிட்டு, குழாய் பொருத்தி, அதன் வழியே மூச்சுவிடச் செய்தார்கள். 1969இல் கூலோ குழுவினர் இதன் வெற்றியை அறிவித்தார்கள். ஆனால் ஆயுள் முழுதும் கழுத்தில் துளையோடு வாழ யார் விரும்புவார்?

காற்றால் ஒரு முட்டு

1980 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அப்படி விரும்பாத ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அவருக்கு வேறு வழி கண்டார். உறிஞ்சுவதால்தானே குழாய் சப்பிப்போகிறது? மூக்கின் வழியே சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் தொண்டை விரிந்தே இருக்கும் அல்லவா? மூக்கு மூடி ஒன்றைச் செய்து, காற்றூதியோடு இணைத்தார். மூச்சுத் தடை மறைந்தது. நோயாளி ஆழ்ந்து தூங்கித் தெளிவாக எழுந்தார். 1981இல் ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

அதற்குத் தேவைப்பட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம்தான். அதாவது, அதிகம் போனால் ஒரு டம்ளர் உயரத்துத் தண்ணீரின் அழுத்தம். வளி மண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கத்தியின் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. மேம்படுத்தப்பட்ட அதே கருவிதான் இன்றும் முதன்மைச் சிகிச்சை.

நாம் செய்யவேண்டியது

இது அரிய நோயன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. மூச்சுத் தடையும் பகல் தூக்கமும் சேர்ந்தே உடையவர்கள் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரலாம், இதயம் பாதிக்கப்படலாம், வண்டி ஓட்டுபவர் கண்ணயர்ந்துவிடலாம்.

குறட்டை விடுவோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஒருக்களித்துப் படுப்பதும், உடல் எடையைக் குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் பலருக்கு உதவும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை உட்கொள்வது கூடாது. அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடும்.

இந்நோயைக் கொண்டவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே, உங்கள் வீட்டில் குறட்டை விடுபவரை எழுப்பித் திட்டுவதற்கு முன்னால் சற்று நேரம் கேளுங்கள். குறட்டை நடுவே நின்று, திணறி, மீள்கிறதா? பகலில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கண்டதை நீங்களே சொல்லுங்கள். அவரால் அதைச் சொல்ல முடியாது.