வலிக்குக் காது கொடுத்தவர்

ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? ஊர் முழுக்கத் தறிச் சத்தம்தான். வேட்டியோ சேலையோ அல்ல... அங்கே நெய்வது பேண்டேஜ் துணி! கப்பலேறி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. போரில் அடிபட்ட சிப்பாயின் காலில் சுற்ற அந்தத் துணி போதும். சரி, காயம் ஆறி, ஓய்வு பெற்று, ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆன பிறகும் அந்தக் கால் வலித்தால்? கூடவே மனநோயும் இருந்தால்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அப்படி ஒரு முன்னாள் ராணுவ வீரர், ‘முதுகு வலி உயிர் போகுதுப்பா’ என்கிறார் என்று வையுங்கள். வீட்டில் என்ன பதில் வரும்? ‘அவருக்கு மனசு சரியில்ல... ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு!’

இந்த அவநம்பிக்கைக்கு வயது நூறுக்கு மேல்.

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. கொஞ்ச நாளிலேயே உடம்பில் காயம் இல்லாத சிப்பாய்கள் ஊமையானார்கள், நடுங்கினார்கள், கால் விழுந்துவிட்டது என்று படுத்தார்கள். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை 1915-ல் மருத்துவ இதழில் எழுதினார் சார்லஸ் மையர்ஸ். தளபதிகள் பலர் வைத்த பெயர் வேறு... ‘கோழை!’ லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற டாக்டர், பேச்சு நின்றுபோன சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். சிகிச்சையா, சித்திரவதையா? நீங்களே சொல்லுங்கள்.

அதே காலத்தில் இன்னொரு டாக்டர் வேறு வழியில் போனார். பெயர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். நம் ஊருக்குப் புதியவர் அல்ல. 1901-02ல் நீலகிரியில் தோடர்களோடு பழகி, அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, 1906-ல் பெரிய புத்தகமே எழுதியவர்!

வலியும் அவருக்குப் புதிதில்லை. 1903-ல் அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் ஒரு காரியம் செய்தார். தன் இடது முன்கையின் நரம்பைத் தானே சம்மதித்து வெட்டச் சொன்னார்! உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று நாலு வருஷத்துக்கு மேல் ஊசியால் குத்திக் குத்திக் குறித்துவைத்தவர் ரிவர்ஸ். அந்தச் சோதனையிலிருந்து அவர்கள் உருவாக்கிய கொள்கையைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால், வலிப்பவன் வாயால் சொல்வதைக் கேட்காமல் வலியை அளக்க முடியாது என்பது மட்டும் இன்றுவரை மாறவில்லை.

1916-ல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற, ராணுவ அதிகாரிகளுக்கான ஆஸ்பத்திரிக்கு வந்தார் ரிவர்ஸ். கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் அவரிடம் வந்தது 1917-ல். ‘நடந்ததை மறந்துடு’ என்பதுதான் அன்றைய வைத்தியம். ரிவர்ஸ் அதைத் தலைகீழாக்கினார். ‘மறக்க வேண்டாம், என்னிடம் சொல்’ என்றார். அமுக்கி வைத்தது ராத்திரியில் கெட்ட கனவாக வரும் என்று 1918-ல் எழுதினார்.

நம்மவர்கள்? அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையையே அவர்களுக்கு ஆஸ்பத்திரியாக்கினார்கள். சாதி, மதம் பார்த்துத் தனித்தனிச் சமையலறைகூட இருந்தது. ஆனால் ஒரு சிப்பாய் தன் வலியை வீட்டுக்கு எழுதினால்... முதலில் படிப்பது சென்சார் அதிகாரி!

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு ஆச்சரியம். 1944-ல் இத்தாலிப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர், படுகாயம் அடைந்த சிப்பாய்களிடம் ‘வலி மருந்து வேண்டுமா?’ என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்! அவர்களுக்கு அந்தக் காயம், உயிரோடு வீடு திரும்பக் கிடைத்த டிக்கெட். அதே அளவு காயம் ஊரில் இருப்பவனுக்கு நரகம். ஆக, வலியில் மனசுக்கும் பங்கு உண்டு. அதனால் வலி பொய் என்று அர்த்தமில்லை!

இன்று அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை, நாள்பட்ட வலிக்குப் பேச்சு சிகிச்சையையும் தருகிறது. அதில் மந்திரம் ஏதுமில்லை. வலிக்குமோ என்ற பயத்தில் ஆள் படுத்தே கிடப்பார். தசை இளைக்கும். வலி கூடும். ஒருநாள் தேவலை என்றால் ஒரேயடியாக வேலை செய்துவிட்டு மூணு நாள் படுப்பார். இந்தச் சுழலைப் பேசிப் பேசி உடைப்பதுதான் சிகிச்சை. இன்று பத்து நிமிஷ நடை, அடுத்த வாரம் பதினைந்து. ஆய்வுகள் காட்டும் பலன் சின்னதுதான். ஆனால், சின்ன பலனும் படுத்தே கிடப்பவரை வாசல்வரை கொண்டுவரலாமே!

தீவிர மனநோய் உள்ளவர்களை இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. அவர்களுக்குப் பேச்சைக் குறைத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, குடும்பத்தையும் கூட உட்காரவைக்க வேண்டியிருக்கும். மனநல மாத்திரையை நிறுத்தக் கூடாது. முக்கியமாக, வலி என்று சொன்னதும் ‘பிரமை’ என்று ஒதுக்காமல், முதலில் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன? மனசில் இருந்த வேதனையைக் குயிலிடமும் மேகத்திடமும் சொல்லி ஆற்றிக்கொண்ட ஆண்டாள் பிறந்த ஊராயிற்றே!

மத்திய அரசு 2022-ல் ‘டெலி மானஸ்’ என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. தமிழிலேயே பேசலாம். குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று... உங்கள் தெருவில் அப்படி ஒரு பழைய சிப்பாய் இருந்தால், அடுத்த முறை அவர் ‘வலிக்குது’ என்றதும், ‘எங்கே வலிக்குது?’ என்று கேட்டுப் பாருங்கள்.