வீடும் சலூனும்: மலையகப் பெருந்தோட்டங்களில் முடித்தொழிலின் உறவுமாற்றம் பற்றிய ஒரு நோக்கு

உடலை அணிசெய்யும் முறைகள் நமது வரலாற்றாய்வுகளில் பெரும்பாலும் 'பழக்கவழக்கங்கள்' என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றின் பின்னால் உள்ள உழைப்பையும் உழைப்புறவுகளையும் ஆராயும் முயற்சிகள் மிகக் குறைவு. அட்டன், நுவரெலியா நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இன்று இளந்தலைமுறையினர் சிலர் தலைமயிரை வெளுத்துப் பொன்னிறமாக்கிக் கொள்கின்றனர். அதனைச் சலூனில் செய்வதா, வீட்டிலேயே செய்துகொள்வதா என்பது அவர்களுக்குச் செலவு பற்றிய வினா. நாம் அதனை ஒரு வரலாற்று வினாவாக எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில் முடித்தொழில் வீட்டிலிருந்து கடைக்குச் சென்றதும், கடையிலிருந்து மீண்டும் வீட்டுக்குத் திரும்புவதும் உற்பத்தி உறவுகளின் மாற்றத்தோடு இணைந்தவை.

தமிழகக் கிராமத்தில் நாவிதர் வீடு தேடிச் சென்று தொழில் செய்தவர். திருமணச் சடங்கிலும் மரணச் சடங்கிலும் அவருக்குக் கடமைகள் இருந்தன. ஊதியம் அறுவடைக் காலத்திற் களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. அதாவது, அவருடைய உழைப்புக்குத் தனித்தனியே விலை குறிக்கப்படவில்லை. பிறப்பினால் விதிக்கப்பட்ட கடமையாகவே அது கொள்ளப்பட்டது. கொடுப்பவர் கைப்பட அளந்ததே கூலி. குறைவெனக் கேட்க அவருக்கு இடமில்லை.

19ஆம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தபோது, கிராமத்தின் சாதி உறவுகளும் அவர்களோடு கடல் கடந்தன. ஆயினும் அவை மாற்றமின்றித் தொடர்ந்தன என்று கொள்ளுதல் தவறாகும். தோட்டத்தில் நெல் விளையவில்லை, களத்துமேடும் இல்லை, இருந்தது பிரட்டுக்களமும் செக்ரோலுமே. எனவே தொழிலாளரின் சம்பளத்தில் கோயிலுக்கும் சலவைக்கும் முடிதிருத்தலுக்கும் எனக் கழிவுகள் பிடிக்கப்படும் வழக்கம் உருவாயிற்று. கிராமத்திற் குடும்பங்களுக்கிடையே நிலவிய கடமையுறவு இங்குக் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஒரு பத்தியாயிற்று. சாதித் தொழில் அழியவில்லை. முதலாளித்துவ நிருவாகம் அதனைத் தன் கணக்கமைப்புக்குள் உள்வாங்கிக்கொண்டது. பெருந்தோட்ட முதலாளித்துவம் நிலமானிய எச்சங்களை அழிக்காது தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்து யாழ்ப்பாணத்தை ஒப்புநோக்குதல் பயனுடையது. அங்குக் குடிமைத் தொழிலாளராகக் கருதப்பட்டோர் வேளாள வீடுகளுக்குச் சென்றே தொழில் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் நகரத்திற் கடை திறந்தபோது உறவின் திசை மாறியது. தொழிலாளி வாடிக்கையாளரைத் தேடிச் செல்லாது, வாடிக்கையாளர் தொழிலாளியிடம் வந்தார், நாற்காலியில் அமர்ந்தார், குறித்த விலையைக் காசாகக் கொடுத்தார். டொமினிக் ஜீவா (1927–2021) சலூன் தொழிலாளியாக இருந்தவாறே எழுத்தாளரானதும், 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியதும் இம்மாற்றத்தின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கவை. அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றமை இலக்கியச் செய்தி மட்டுமன்று, சமூக வரலாற்றுச் செய்தியுமாகும். பண்டமயமாதல் மனித உறவுகளைக் காசாக்கிச் சிறுமைப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அதே காசு, குடிமையின் தளையை அறுக்கும் கருவியாகவும் இருந்தது. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்காகும்.

மலையக நகரங்களின் சலூன்களும் இத்தகைய பணியை ஆற்றின. குடுமி மறைந்து கிராப்பு வந்ததும், பத்திரிகை வாசிப்பும் அரசியற் பேச்சும் சம்பள நாளின் ஓய்வும் ஓரிடத்திற் கூடியதும் அங்கேதான். ஆயின் அந்நாற்காலி ஆண்களுக்கே உரியதாயிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூந்தல் வீட்டிலே எண்ணெய் தேய்க்கப்பட்டு, பீலிக்கரையிற் கழுவப்பட்டு, வேலை நேரத்தில் தலைத்துணிக்குள் முடியப்பட்டது. அதன்மேல் கூடைக் கயிறு அழுந்தியது. தேயிலையின் பெரும்பகுதியைப் பறித்தவள் அவள். ஆனால் அவளது தலைமயிரைப் பேணும் உழைப்பு ஒருபோதும் கூலிக்கணக்கில் இடம்பெறவில்லை. அண்மைக்காலத்தில் நகரங்களிற் பெருகிய அழகு நிலையங்களே அவளுக்கும் ஒரு நாற்காலியை அளித்தன.

முடிவெளுப்புக்கு அடிப்படையான ஐதரசன் பேரொட்சைட்டை 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்தார். அது தலைமயிரை வெளுக்க வல்லதென்பது 1867இற் பாரிசு உலகக் கண்காட்சியிற் காட்டப்பட்டது. அதே 1867இலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. ஆயினும் ஐரோப்பியத் தொழில்முதலாளித்துவம் ஒருபுறம் அழகுக்கான பண்டங்களையும் மறுபுறம் அடிமட்டக் கூலியுழைப்பையும் ஒரே காலத்திற் பெருக்கியது என்பது மனங்கொளத்தக்கது.

கருமயிரை வெளுக்க, பேர்சல்பேற்றுத் தூளும் பேரொட்சைட்டும் கலக்கப்படுகின்றன. அக்கலவை மயிரிழையினுள் மெலனினைச் சிதைக்கிறது. கருமை முதலிற் செம்மஞ்சளாகிப் பின்னரே வெளிர்மஞ்சளாகும். பேரொட்சைட்டின் செறிவு வழக்கமாக 6, 9, 12 வீதம் என வேறுபடும். செறிவும் நேரமும் மிகுந்தால் மயிர் முறியும், தலைத்தோல் வெந்துபோகும். சலூனில் இவ்விடரைக் கணித்துத் தவிர்ப்பது தொழிலாளியின் தேர்ச்சி. ஆனால் தூளை நாள்தோறும் சுவாசிப்பவரும் அவரே. முடித்தொழிலாளரிடையே தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்சல்பேற்று ஒரு காரணமென்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. வீட்டிற் பொதியை வாங்கிச் செய்துகொள்ளும்போதோ, தேர்ச்சியின் விலை மிச்சமாகிறது. இடர் வாங்குபவரின் தலைமேல் இறங்குகிறது. பொதியை விற்ற நிறுவனம் இருவழியிலும் இலாபமே காண்கிறது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நீண்ட கூந்தலைச் சலூனில் வெளுப்பது ஒரு நாட்சம்பளத்துள் அடங்குவதன்று. எனவே 'வீட்டிற் செய்வது' என்பது விருப்பமாகத் தோன்றினும் பெரும்பாலும் கட்டாயமே.

வீடு என்று இங்கு எதனைக் குறிக்கிறோம்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பறா தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது; 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை மாற்றங்களிலும் லயன் காம்பறா குடியிருப்பவருக்கு உரியதாகவில்லை. ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு பெற்றோர் ஒரு பகுதியினரே. சலூனா வீடா என்ற வினாவின் இரண்டாம் பாதி, வீடுடையோரின் மொழியிற் கேட்கப்படுவது.

முற்போக்காளர் சிலர் பொன்னிற முடியை மேனாட்டு மோகமென்று ஒதுக்குகின்றனர். குடுமியைக் கத்தரித்தபோதும் இதே சொல் வழங்கிற்று. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்று பெரியார் கூறியபோது எழுந்த எதிர்ப்பையும் நாம் அறிவோம். தன் தலையைத் தான் விரும்பியவாறு வைத்துக்கொள்ளும் உரிமை, தலைமேற் கூடை சுமந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அற்பமானதன்று. நமது விமரிசனம் நிறத்தின்மீது செல்லவேண்டுவதில்லை. யாருடைய நுரையீரல், யாருடைய கூலி, யாருடைய கூரை என்ற மூன்று வினாக்களின்மீதே அது செல்லவேண்டும். செக்ரோற் கழிவிலிருந்து பொதிவரை முடித்தொழிலின் வரலாறு இவ்வினாக்களையே மீண்டும் மீண்டும் எழுப்புகிறது. அவற்றுக்கு விடை சலூனிலும் இல்லை, காம்பறாவிலும் இல்லை. சலூன் தொழிலாளியும் கொழுந்து பறிப்பவளும் தத்தம் உழைப்பின் நிபந்தனைகளைத் தாமே வகுக்கும் நிலையிலேயே உண்டு.