கணப்பும் தீக்குழியும்

வீட்டுக்கு வெளியே, முற்றத்திலோ தோட்டத்திலோ, குளிர்காயவும் கூடி உட்கார்ந்து பேசவும் அமைக்கும் நெருப்பிடங்களில் இரண்டு வகை பரவலானவை. மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே புகைபோக்கி வைத்து, ஒரு முகத்தை மட்டும் திறந்துவிடுவது கணப்பு. தரையில் தோண்டியோ, முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கட்டியோ, நாலாபுறமும் திறந்திருக்க விடுவது தீக்குழி. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு விடுதிகளில் ‘கேம்ப் ஃபயர்’ என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூட்டிக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

திருவண்ணாமலை நகரின் வடக்கு விளிம்பில், வேலூர் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். 1989 செப்டம்பர் 30 அன்று வடார்க்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் அண்ணாமலை. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும். மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இந்த ஊரில் ஒருவர் முற்றத்தில் நெருப்பிடம் கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டார் முதலில் கேட்பது “எதுக்குங்க?” என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. கணப்பா, குழியா என்று பார்ப்பதற்கு முன் விடை சொல்ல வேண்டியதும் அதற்குத்தான். வேண்டியது சுடரா, தணலா, சூடா? மூன்றும் ஒரே நெருப்பிடத்தில் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை. தமிழ்நாடு இவற்றைத் தனித்தனியாகத் தேடியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஏற்பாடு செய்திருக்கிறது.

சுடருக்கான ஏற்பாட்டை வேங்கிக்காலில் எந்த மொட்டைமாடியில் ஏறியும் பார்க்கலாம். கார்த்திகைத் தீபத்தன்று மாலை 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் கொப்பரையில் எரிகிறது. ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள அந்தக் கொப்பரையை ஆட்கள் தோளில் சுமந்துதான் மேலே ஏற்றுகிறார்கள். தீபமேற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருடையது. அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்குக் குறையாமல் நெய்யும், திரிக்கு ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலும் காடாத் துணியும் செலவாகின்றன. தீபம் 11 நாள் எரிகிறது. இவ்வளவு பெரிய நெருப்புக்கு உச்சிப் பாறையில் ஒரு பள்ளம் போதாதா என்று தோன்றலாம். பள்ளத்தில் எரியும் சுடரை அதன் விளிம்பே கீழிருந்து பார்ப்பவர்களுக்கு மறைத்துவிடும். கொப்பரை சுடரைத் தரைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. கொப்பரையில் சேரும் கரிய மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டுப் பக்தர்களுக்கும் கிடைக்கிறது.

அதே கார்த்திகையில் பல கோயில்களின் முன்னால் கொளுத்தும் சொக்கப்பனையும் சுடருக்கானதே. பனந்தண்டை நட்டு, அதைச் சுற்றி ஓலையைக் கட்டி எரிக்கிறார்கள். சில நிமிடம் வானளாவ எரிந்து அடங்கிவிடும். யாரும் அதில் குளிர்காய்வதில்லை. முற்றத்தில் உட்கார்ந்து நெருப்பை வேடிக்கை பார்க்கத்தான் ஆசை என்றால், ஆழமாகத் தோண்டுவது வீண் வேலை என்பதற்கு இந்த இரண்டும் போதிய சாட்சி.

தணலின் கதை வேறு. பழைய வடார்க்காடு, தென்னார்க்காடு பகுதிகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவில் பாரதச் சொற்பொழிவு, தெருக்கூத்து, துரியோதனன் படுகளம் எல்லாம் முடிந்து கடைசியாகத் தீமிதி. ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய ஆய்வுநூலின் முதல் தொகுதி, திருவண்ணாமலைக்குக் கிழக்கே உள்ள செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டது. இலங்கையின் உடப்பிலும் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் இதே தீமிதி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. எங்கே நடந்தாலும் முறை ஒன்றுதான்: விறகை அடுக்கி மணிக்கணக்கில் எரியவிட்டு, சுடர் முழுக்க அடங்கிய பிறகு கங்கைத் தட்டிப் பரப்பிச் சமமான படுக்கையாக்குவார்கள். பூக்குழி என்ற பெயர் அந்தச் சிவந்த படுக்கைக்கு உரியது.

அதன் மேல் நடக்க முடிவதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் ஒவ்வோர் அடியிலும் படுவது அரைநொடி அளவே. அதே சூட்டில் இரும்புத் தகடு கிடந்தால் ஓரடிகூட வைக்க முடியாது. இதில் வீட்டுக்காரருக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. பள்ளம் தணலைக் காற்றிலிருந்து காக்கும், ஒன்றுகூட்டி வைக்கும், நெடுநேரம் கனிய விடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடவும் சோளக்கதிர் வாட்டவும் ராத்திரி பத்து மணி வரை கதை பேசவும் தீக்குழிக்கு ஈடில்லை.

தீக்குழி என்றால் தோண்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2017 பிப்ரவரி 6 அன்று அண்ணாமலையார் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. இத்தகைய விழாக்களின் யாகசாலைகளில் சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, தாமரை என்று பல வடிவக் குண்டங்களைச் செங்கல்லும் மண்ணும் கொண்டு தரைக்கு மேலேயே எழுப்புவார்கள். விளிம்பைச் சுற்றிப் படிப்படியாக அமையும் மேகலை, சரியும் கட்டையையும் சிதறும் கங்கையும் தடுத்து நிறுத்தும். இன்றைய விற்பனைப் பட்டியல்களில் ‘எழுப்பிய தீக்குழி’ என்று வருவதன் வடிவ இலக்கணம் கோயில் ஸ்தபதிகளுக்குப் பழக்கமானது.

சூடு தேடியவர்கள் மலைக்குப் போனவர்கள். ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் கல்வீடு கட்டியதிலிருந்து, நீலகிரியின் பங்களாக்களில் கணப்பு இல்லாத கூடம் அரிது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் அது ஆடம்பரமில்லை. ஆனால் அந்தக் கணப்புகள் சோலைக்காடுகளைத் தின்றன. விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் கொண்டுவந்து 1840களிலிருந்து நட்டார்கள், புல்வெளிகள் தோப்புகளாயின. நீலகிரியின் முகம் மாறியதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் எரிந்த விறகும் அவற்றில் ஒன்று.

இத்தனை விறகை விழுங்கிய கணப்பு திருப்பிக் கொடுத்தது என்னவோ கொஞ்சம்தான். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே அதிகம். இந்த வீணடிப்பைப் பார்த்துத்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740களில் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். ரம்ஃபோர்டு பிரபு 1790களில் வேறு வழி கண்டார்: கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை நுழையும் கழுத்தை ஒடுக்கினார். சாய்ந்த சுவர்கள் வெப்பத்தை முன்னால் தள்ளின, ஒடுங்கிய கழுத்து புகையை வேகமாக இழுத்தது. வெளிமுற்றத்தில் கட்டும் கணப்புக்கும் ரம்ஃபோர்டின் வடிவமே பொருந்தும். வெளியில் சூடேற்ற அறைக்காற்று கிடையாது; முகத்தில் நேராகப் படும் கதிர்வீச்சு வெப்பம் மட்டுமே மிச்சம்.

கட்டுவதற்குக் கொத்தனார்களிடையே ஒரு கணக்கு உண்டு. புகைபோக்கியின் குறுக்குப் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வாய் 90 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம் என்றால் புகைபோக்கி உள்ளளவு 26க்கு 26 சென்டிமீட்டர். இதற்குக் குறைந்தால் புகை வந்த வழியே திரும்பும். எட்டடி உயரப் புகைபோக்கியுடன் ஒரு கணப்புக்கு ஆயிரம் செங்கல் ஆகும் என்று வைத்துக்கொண்டால், செங்கல் எடை மட்டுமே மூன்று டன். தனி அஸ்திவாரம் இல்லாமல் அதை நிறுத்த முடியாது. ஏரி மண்ணிலும் நிரவிய மனையிலும் அஸ்திவாரச் செலவு கணப்பின் செலவையே மிஞ்சலாம்.

காற்றையும் கேட்க வேண்டும். குளிர்மாதங்களில் இங்கே வீசுவது வாடை. கணப்பின் முதுகை வடக்குப் பக்கம் வைத்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று மறிப்பு கிடைக்கும். ஆனால் சுவரின் மறைவுப் பக்கத்தில் காற்று சுழலும். புகைபோக்கி குட்டையாக இருந்தால் அந்தச் சுழல் புகையை முகத்துக்கே இழுத்துவரும். தீக்குழியில் இந்த வம்பு இல்லை. புகை எங்கே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொள்ளலாம், ராத்திரி முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்க நேர்ந்தாலும்.

குழிக்கு வேங்கிக்காலில் வேறொரு எதிரி: தண்ணீர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. ஏரி நிரம்பும், கிணற்று நீர்மட்டம் ஏறும். குளிர்காய ஆசை வரும் கார்த்திகை, மார்கழியில்தான் தோண்டிய குழி குட்டையாகக் கிடக்கும். அடியில் ஓரடிக்கு ஜல்லி போட்டாலும் சுற்றிலும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது வடிய இடமேது? ஆகவே இந்த மண்ணில் தோண்டும் குழியைவிட எழுப்பும் குழியே சரி. உள்விட்டம் மூன்றிலிருந்து நாலடி, சுவர் உயரம் ஓரடிக்குச் சற்று மேல், கீழே காற்று நுழைய நாலு துளை. இது போதும்.

அடுத்த தவறு கல்லில் நடக்கும். மலையடிவாரத்து ஊரில் கருங்கல் சுலபமாகக் கிடைக்கிறது, பார்வைக்கும் அழகு. ஆனால் கிரானைட்டில் உள்ள படிகக்கல் 573 டிகிரியில் உள்கட்டமைப்பு மாறிச் சட்டென்று விரியும். கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கல்லுடைப்பவர்களுக்கு இந்தச் சங்கதி பழசு. பெங்களூர்ப் பக்கக் குவாரிகளில் பாறைப்பரப்பின் மேல் விறகு நெருப்பை மெல்ல நகர்த்திப் பலகை பலகையாகக் கல்லைப் பெயர்த்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. ஆற்றிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ எடுத்த ஈரக் கல் இன்னும் ஆபத்து. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். நெருப்பைத் தொடும் பக்கம் சூளைச் செங்கல்லோ, முடிந்தால் உலைகளுக்கான தீச்செங்கல்லோ வேண்டும். கருங்கல் வெளிப்பக்க அலங்காரத்துக்கு இருக்கட்டும்.

விறகிலும் தேர்வு உண்டு. சவுக்கும் வேலிக்காத்தானும் நன்றாகக் காய்ந்திருந்தால் நின்று எரிந்து நல்ல தணல் விடும். தைலமரம் எண்ணெய்ப் பசையால் படபடவென்று பற்றும். பனையோலையும் தென்னை மட்டையும் மூட்டுவதற்கு மட்டும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட அரளிக் கிளையை மறந்தும் சேர்க்கக் கூடாது; அதன் புகையே நஞ்சு.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், சமவெளிக்கு மூன்றாவது வழி ஒன்றே மேல் என்று படுகிறது. அது புதிதுமில்லை. நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்கு நடுங்கும் மதுரைக்காரர்கள் குளிர்காய்வது தடவு என்னும் அகன்ற வாய்ச் சட்டியில். திருவண்ணாமலையிலேயே, ரமணாசிரமத்தின் பழைய கூடத்தில் ரமணரின் இருக்கைக்குப் பக்கத்தில் கரித்தணல் நிறைந்த குமுட்டி இருந்ததை அடியவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. குளிரில் கை காய்ச்சவும் சாம்பிராணி போடவும் அது உதவியது. தணல் தேவையான இடத்துக்கு வரும், வேலை முடிந்ததும் போகும். அஸ்திவாரம் வேண்டாம், மழைக்கு முன் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இன்றைக்கு லாரிச் சக்கர ரிம்மோ, கொத்து வேலைக்கான இரும்புப் பாண்டோ மூன்று செங்கல் மேல் உட்கார்ந்து இதே வேலையைச் செய்யும். கடையில் விற்கும் ‘ஃபயர் பௌல்’ இதைவிடப் பளபளப்பானது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டியைக் குழியைவிடக் கண்டிப்போடு நடத்த வேண்டும். குமுட்டிக் காலத்து வீடுகளில் ஓட்டுக் கூரையும் முற்றமும் காற்றை விட்டன. கதவும் ஜன்னலும் இறுக மூடும் இன்றைய அறைக்குள் கரித்தணலைக் கொண்டுபோனால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் இழுத்துவைத்த பயணிகள் காலையில் எழாமல் போன செய்திகள் மலை ஊர்களிலிருந்து வருகின்றன.

வெளியே வைத்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி, கீற்றுக் கொட்டகையோ வைக்கோல் போரோ இருந்தால் அதைவிட நல்ல தூரம் வேண்டும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுக்கின்றன. பழைய டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது. முற்றத்து நெருப்பிடம் மெல்லக் குப்பை எரிக்கும் இடமாக மாறுவது எளிது. அதைத் தவிர்க்க வேண்டியது அந்த வீட்டார்தான்.

வேங்கிக்காலுக்குக் கூடுதலாக ஒரு கவலை, மலை. கோடையில் அண்ணாமலையின் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கிறது. பல ஆண்டு தீப்பிடித்திருக்கிறது. ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகள் மரக்கன்று நட்டு வளர்ப்பதோடு, புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும் தீயணைப்பதும் இதனால்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே உலர்ந்த புல்லும் காற்றும் சேர்ந்த மாதத்தில். மாசி பிறந்த பிறகு மலையடிவார மனைகளில் திறந்த நெருப்பை நிறுத்திவிடுவது நல்லது. பறக்கும் பொறியைத் தடுக்க, கணப்பின் புகைபோக்கி உச்சிக்குக் கம்பிவலைத் தொப்பியும், குழிக்கோ சட்டிக்கோ கம்பிவலை மூடியும் வேண்டும்.

அணைப்பதில் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. கணப்பின் சூடான செங்கல்லில் தண்ணீரை வீசினால் விரிசல் விடும். தானாக ஆற விட வேண்டும். குழியில் மண்ணைப் போட்டு மூடினால் அடியில் தணல் மறுநாள்வரை உயிரோடு இருக்கும், விடிந்ததும் அங்கே ஓடி விளையாடும் குழந்தைக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். சட்டியாக இருந்தால் பொருந்தும் மூடியைப் போட்டுக் காற்றை அடைத்தால் போதும். மிஞ்சிய கரி அடுத்த நாளுக்கு ஆகும்.